படத்தம்மாவுக்குத் தைத்த கவுன்

மதலேனின் கல்யாணத்துக்கென்று தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு படத்திலிருந்த பெண் காரைக்காலில் இறங்கி வந்தது ஐப்பசியில், கடலுக்கு மேலே மேகம் கூடிக்கொண்டிருந்த ஒரு காலையில். ஆகவே ஊருக்கு வந்த முதல் கவலை, இத்தனை உயரமான பெண்பிள்ளைக்கு எங்கே போய்க் குடை வாங்குவது என்பதாகத்தான் இருந்தது.

மதலேனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஆள் குள்ளம், கோயிலில் முழங்காலில் நிற்கிறாளா எழுந்து நிற்கிறாளா என்று பின்பெஞ்சுக்காரர்களுக்குத் தெரியாது. வருஷக்கணக்காக மாதா கோயிலில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஆர்மோனியம் வாசிக்கிற இஞ்ஞாசியின் முதுகைப் பார்த்துக்கொண்டே பூசை கண்டவள் அவள். அந்த முதுகு மகிழ்ச்சியாக இருக்கிற நாளும் சளி பிடித்திருக்கிற நாளும் அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்தபின் அந்த முதுகு திரும்பி, முகமாகி, அவளிடம் வந்து, "நம்ம ரெண்டு பேருக்கும் வயசாயிட்டே போவுது, என்ன சொல்றீங்க?" என்று கேட்டது. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் அம்மா பெர்னதெத்தம்மாள் நடுவில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வந்த மருமவ எல்லாருமே கவுன் போட்டுத்தான் பீடத்துக்குப் போனாங்க. ஊர்ச் சட்டத்தை விட்டுட்டுப் பிரெஞ்சு சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்ட குடும்பம் நாங்க. புடவை கட்டிக்கிட்டு ஒரு மருமவ வந்தான்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது. ஆகமன காலம் வர்றதுக்குள்ள கவுன் தயாரா இருந்தா கல்யாணம். இல்லேன்னா புதுச்சேரியில ஒரு பொண்ணு இருக்கு, ஏற்கெனவே பேசி வெச்சிருக்கேன்."

ஆகமன காலம் என்பது கிறிஸ்து பிறப்புக்கு முந்தின தவநாட்கள். அது தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. மதலேனுக்கோ அந்த முதுகை விட்டால் வேறு முதுகு கிடையாது.

அவள் தகப்பனார் சைகோனில் சிப்பாயாக இருந்தபோது கொண்டுவந்த தந்தநிறப் பட்டு ஒரு சுருள், பெட்டியில் வேப்பிலைக்கு நடுவே பல காலம் தூங்கிக்கொண்டிருந்தது. கவுனுக்கு மாதிரி வேண்டுமென்று அவள் பாரிசிலிருக்கும் அண்ணன் பிரான்சுவாவுக்கு எழுதினாள். அண்ணன் அங்கே பேர்பெற்ற தையல்வீடு ஒன்றில் மூட்டை தூக்குகிறவன். அந்த வீட்டின் பெரிய கலைஞர் வரைந்து, பிடிக்காமல் ஒதுக்கிப் போட்ட படம் ஒன்றைக் கேட்டு வாங்கி அவன் கப்பலில் அனுப்பினான்.

என்ன படம் அது! பென்சிலும் மையும் நீர்வண்ணமுமாக ஒரு பெண் ஒரு பக்க இடுப்பைத் தள்ளிக்கொண்டு, அந்த இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, யாரையோ காத்திருக்க வைத்துவிட்டு நிற்கிறவள்போல நின்றாள். கைப்பிடிக்குள் அடங்குகிற இடை; அந்த இடைக்குக் கீழே கூரைமேல் கூரையாக விரிகிற பாவாடை; இடையைச் சுற்றி நீலப் பட்டை; சாய்ந்த தொப்பி; கையுறை; ஊசிபோன்ற குதிகால் வைத்த செருப்பு. வரைந்தவருக்கு உடையில்தான் கண், ஆளில் இல்லை. அதனால் முகம் என்று எதுவுமில்லை. புருவம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு, வாய் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஓர் இழுப்பு, அவ்வளவுதான். படத்தின் மூலையில் துணித்துண்டு ஒன்று குண்டூசியில் குத்தியிருந்தது.

காரைக்காலில் தையல்காரர் எவரும் பெண்களை அளவெடுப்பதில்லை. பழைய ரவிக்கை ஒன்றைத் துணியோடு மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டால், அதை வைத்து அவர்கள் வெட்டிக்கொள்வார்கள். துணியோடு வருவதுதான் அளவு, அதற்குமேல் கேள்வி கிடையாது. மதலேனிடம் இருந்த ரவிக்கைகள் எல்லாமே கக்கத்தில் ஒட்டுப் போட்டவை. கல்யாணப் பட்டோடு ஒட்டுப்போட்ட ரவிக்கையை அனுப்புவதா என்று கூச்சப்பட்டு, படத்தை மட்டும் பட்டோடு வைத்துக் கட்டிக் காசிம் பாய் கடைக்கு அனுப்பிவிட்டாள். கவுனுக்கு ரவிக்கை எதற்கு, பாய் எப்படியாவது பார்த்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காசிம் பாய் பார்த்துக்கொண்டார். துணியோடு வந்தது படம், ஆகவே அளவு படம். படத்துப் பெண்ணின் கையைத் தன் மனைவியின் கையோடு பொருத்தி வைத்துக்கொண்டு, கை இவ்வளவென்றால் தோள் எவ்வளவு, தோள் இவ்வளவென்றால் கால் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஓரங்குலம் மிச்சமில்லாமல் மொத்தப் பட்டையும் வெட்டித் தைத்தார். முடிந்தபோது அது கடைக்குள் நிற்கவில்லை. வாசல் வேப்பமரத்தின் மேல்கிளையில் ஏணி வைத்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது. இடுப்பில் ஒரு சொம்புதான் நுழையும். பாவாடைக்குள் ஒரு சொக்கட்டான் ஆட்டமே நடத்தலாம்.

காலையில் கடை திறக்க வந்தவர், கவுன் நிரம்பியிருப்பதைப் பார்த்தார். தொப்பி, கையுறை, குதிகால், இடுப்பில் கை, எல்லாம் இருந்தது. உள்ளே மேசைமேலிருந்த தாளில் குண்டூசியும் துணித்துண்டும் மட்டும் இருந்தன.

பாய் அண்ணாந்து பார்த்து, "கழுத்துப் பட்டி இறுக்கமா இருக்காம்மா?" என்றார்.

அவள் இல்லையென்று தலையை மெல்ல ஆட்டினாள். தன் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையிலேயே சரியாக அமைந்த உருப்படி அது ஒன்றுதான் என்று பாய் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் அவளுக்குப் படத்தம்மா என்று பேர் வைத்தது. யார் வீட்டில் தங்குவது என்று ஒரு பேச்சு வந்து, பட்டு மதலேனுடையது, ஆகவே விருந்தாளியும் மதலேனுடையவள் என்று முடிவாயிற்று. வாசல்படி இடிக்கும் என்பதால் கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் ஓலையை உயர்த்திக் கட்டி ஒரு கூடம் செய்து கொடுத்தார்கள். முருங்கை உச்சியிலிருந்து காய் பறிப்பதும், மின்கம்பியில் சிக்கிய காற்றாடியை எடுப்பதும், பள்ளிவாசல் தெருவிலும் பெருமாள் கோயில் தெருவிலும் திருவிழாத் தோரணம் கட்டுவதும் அவள் வேலையாயின. ஒரு தடவை மாதா கோயில் நெற்றியிலிருந்த குளவிக்கூட்டை அவள் கையுறையோடு எடுத்து வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வைத்தாள். குளவிகள் கோடுகளைக் கொட்டுவதில்லை. மத்தியானத்தில் மீன்கடைப் பெண்கள் கூடைகளோடு அவள் பாவாடை நிழலுக்கு நகர்ந்துகொண்டார்கள். நிழல் நகர்ந்தால், "அம்மா, கொஞ்சம் கெழக்கால தள்ளி நில்லு" என்பார்கள்; அவளும் தள்ளி நிற்பாள்.

ஒரு பக்க இடுப்பைத் தள்ளி, கையை அதில் ஊன்றி அவள் நிற்கிற நிற்பைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாம் அப்படி நிற்க ஆரம்பித்தார்கள். அப்படி நின்ற பெண்ணிடம் எந்த ஆணும் விலை குறைத்துக் கேட்கவில்லை. புகழ் பாரிசுக்குப் போவதை மட்டும் மீன்காரி செங்கமலம் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது எங்க ஆத்தா நின்ன நிப்பு. நான் நிக்கிற நிப்பு. கூடையை எறக்கி வெச்சா வேற எப்படி நிக்கிறதாம்? அந்த ஊர்க்காரனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, அதைக் கேளுங்க மொதல்ல."

மதலேன் மட்டும் சாயங்காலத்தில் கொல்லை மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அங்கே உட்கார்ந்தால் தலை படத்தம்மாவின் முழங்கை உயரத்துக்கு வரும். தான் இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம், ஆர்மோனியத்தில் இஞ்ஞாசியின் வலதுகைச் சுண்டுவிரல் எப்போதும் ஒரு கட்டை தள்ளி விழுவதையும், அந்தத் தப்பு வராத ஞாயிறு தனக்குப் பூசையே கண்டதுபோல இல்லாததையும், அவளிடம் சொல்வாள். காது என்று வரையப்படாத படத்தம்மா தொப்பியைச் சாய்த்துக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சிரிப்பு வருகிற இடத்தில் அந்தச் சிவப்பு இழுப்பு ஒரு நூலளவு நீளும். மதலேனைக் குனிந்து பார்த்தவர்கள் உண்டு, குனிந்து கேட்டவர்கள் அதற்கு முன் இல்லை.

முதல் தூறல் விழுந்த நாளில் ஒரு சங்கதி தெரிந்தது. படத்தம்மாவின் கையுறை நுனியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது. கையுறையில் அந்த விரலின் நுனியைக் காணவில்லை. நீர்வண்ணம் அல்லவா! ஓலைக்கூடத்துக்கு அன்றே தார்ப்பாய் போட்டார்கள். அதற்குப்பின் வானம் கறுத்தால், "படத்தம்மா எங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஊர்ப்பெண்கள் கொடியிலிருந்த துணியை எடுத்தார்கள்.

ஆகமன காலம் நெருங்கியது. பெர்னதெத்தம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு வந்து கொல்லையில் நின்றாள்.

"கவுன் எங்க?"

"அதோ நிக்குது, மாமி."

"நிக்குதுன்னா? கழட்டச் சொல்லு. காசிம் கிட்ட குடுத்து ஒன் ஒசரத்துக்கு வெட்டச் சொல்லு."

மதலேன் தலையைக் குனிந்துகொண்டாள். ஏற்கெனவே செங்கமலம் கவுனின் கைப்பட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்திருந்தாள். துணி தொடங்குகிற இடத்தில் கோடு நின்றுவிட்டிருந்தது. வரைந்தவர் துணிக்கு அடியில் எதையும் வரையவில்லை. கவுனைக் கழற்றினால் மிஞ்சப்போவது காற்றில் ஒரு தொப்பி, இரண்டு கையுறை, இரண்டு குதிகால். அவையும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

"கழட்டுனா அவங்க இருக்க மாட்டாங்க, மாமி."

"இல்லாட்டி போவட்டும். கடுதாசியிலேருந்து வந்தவ கடுதாசிக்குப் போறா. ஒனக்குப் புருஷன் வேணுமா, பொம்மை வேணுமா? சனிக்கிழமை சாயங்காலம் மணி அடிச்சா ஆகமனம். அதுக்குள்ள கவுனோட கோயில்ல வந்து நில்லு. இல்லேன்னா இஞ்ஞாசி திங்கட்கிழமை என்னோட புதுச்சேரிக்கு வர்றான்."

அவள் போனபின், படத்தம்மா தன் கவுனின் முதல் பொத்தானில் கையை வைத்து மதலேனைப் பார்த்தாள். கண் இல்லாமல் ஒருத்தி எப்படிப் பார்ப்பாள் என்று கேட்கக் கூடாது. அப்படிப் பார்த்தாள். மதலேன் மதில்மேல் ஏறி எட்டி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நீங்க தோழியா வாங்க. கவுன் கோயிலுக்கு வந்த மாதிரியும் இருக்கும். மாமி கால்ல விழுந்து பார்க்கிறேன். அதுக்கும் மேல இல்லேன்னா..." என்று இழுத்தவள் மதிலிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடியும்போதே மழை. மத்தியானத்துக்குள் அரசலாறு கரையை மறந்துவிட்டது. தெருவில் தண்ணீர் மற்றவர்களுக்கு இடுப்பளவு, மதலேனுக்குக் கழுத்தளவு. மாட்டுவண்டிக்காரன் மாட்டைக் காட்டித் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான். பருத்திப் புடவையில், கையில் செபமாலையோடு, வீட்டு வாசலில் நின்று மதலேன் தண்ணீரைப் பார்த்தாள். இஞ்ஞாசி அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

கொல்லைப்பக்கமிருந்து படத்தம்மா வந்தாள்.

"வேணாங்க! உள்ள போங்க!" என்று மதலேன் கத்தினாள். ஆனால் அதற்குள் அவளுடைய கால் தரையில் இல்லை. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தொப்பியை அவள்பக்கமாகச் சாய்த்து, படத்தம்மா தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

ஊர் ஓடிவந்தது. மீன்கடைக்காரிகள், காசிம் பாய், அவர் மனைவி, எதிர்வீட்டுச் செட்டியார், எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கூடவே நடந்தார்கள். கையை எவ்வளவு உயர்த்தினாலும் குடைகள் அவள் இடுப்புவரைதான் எட்டின. குதிகாலை வெள்ளம் கரைத்துக்கொண்டது; அதற்குமேல் இடுப்புவரை ஒரு சொட்டு மழை படாமல் நடந்தாள் அவள். இடுப்புக்கு மேலே மழை அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. தொப்பியின் சாம்பல் போயிற்று. இடைப்பட்டையின் நீலம் தண்ணீரில் நீளமாக ஓடி, வீட்டுச் சுவர்களில் எல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டே போயிற்று. தாங்கியிருந்த கை ஒவ்வொரு தெருவிலும் மெலிந்ததை மதலேன் தன் முதுகில் உணர்ந்தாள். "ஐயோ, போதும், எறக்கிடுங்க, நான் நீந்திக்கிறேன்" என்று அழுதாள். அவளுக்கு நீந்தத் தெரியாது என்பது படத்தம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மதிலில் உட்கார்ந்து அவளே சொன்னதுதான்.

கோயில் மண்டபத்தில் அவளை இறக்கி நிறுத்திவிட்டு, கடைசியாகச் சிவப்பு இழுப்பும் கரைந்து ஒழுகியதும், கவுன் மெதுவாகப் படியில் உட்கார்ந்தது, மடங்கியது, வெறும் துணியாயிற்று.

முதலில் பேசியது பெர்னதெத்தம்மாள்தான்.

"பாத்தியா? ஆண்டவரே வழி விட்டுட்டார். கவுன் காலியாயிடுச்சு. புழிஞ்சு போட்டுக்கோ. நீளத்தை மடிச்சு ஊசி குத்திக்கலாம். சீக்கிரம், சாமி காத்துக்கிட்டிருக்கார்."

பூசை வைக்கிற சாமியாரும் வாசலுக்கு வந்து, "மணி அடிச்சிட்டா அப்புறம் என் கையில இல்லம்மா" என்றார். ஆர்மோனியம் நின்றுவிட்டது. இஞ்ஞாசி உள்ளிருந்து எட்டிப் பார்த்தான். மதலேன் அவனைப் பார்த்தாள்; எத்தனையோ காலம் முதுகாக மட்டும் பார்த்த ஆள், இப்போது முகமாக, கையெட்டும் தூரத்தில். பிறகு படியில் கிடந்த பட்டைப் பார்த்தாள். தகப்பனார் கொண்டுவந்த பட்டு. இப்போது யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாரையும் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை.

"இது அவங்க துணி, மாமி" என்றாள். "அவங்க அளவுக்குத் தெச்சது."

உரக்கச் சொன்னவுடன் அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது. கவுனைத் தூக்கிக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். அந்த நீளத்தை மாட்டுவதற்கு மண்டபத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: மணிக்கூண்டிலிருந்து தொங்குகிற மணிக்கயிறு. காசிம் பாய் கழுத்துப் பட்டியைக் கயிற்றில் முடிந்தார். மணியடிக்க வந்த உபதேசியார் பதறிப்போனார்.

"கயித்துல துணி தொங்குதே சாமி! எப்படி அடிக்கிறது?"

சாமியார் கயிற்றைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், மதலேனைப் பார்த்தார். "அடிக்க முடியலேன்னா அடிக்காதீர்" என்றார். "மணி அடிக்காம ஆகமனம் எப்படி வரும்? வரட்டும், மெதுவா."

கோட்டால் வந்தவளைக் கோட்டாலேயே திரும்பக் கூப்பிட, மதலேன் தூபக்காலிலிருந்து ஆறின கரித்துண்டு ஒன்றை எடுத்தாள். கழுத்துப் பட்டியின் ஓரத்திலிருந்து அவள் கை போன வழியெல்லாம் கோடு காற்றில் நின்றது. இஞ்ஞாசி வந்து அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான், கழுத்து எட்டுவதற்காக. வாசிக்கிற கைகளுக்கு ஆளைத் தூக்கிப் பழக்கமில்லை, அவள் போட்ட கழுத்தும் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. கோடு நிற்கிறது என்று தெரிந்ததும் பெண்கள் சும்மா இருப்பார்களா? செங்கமலம் கைகளை வரைந்தாள். கூடை தூக்குகிற கைகள், முழங்கையில் ஒரு தழும்போடு. காசிம் பாய் தையல் சாக்கட்டியால் தோளைப் போட்டார். அவர் மனைவி விரல்களைப் போட்டு ஒவ்வொன்றின் நுனியிலும் மருதாணிக்கு வெற்றிலைச்சாறு வைத்தாள். பாதத்தை வரைந்தவள் குதிகால் எதற்கென்று, சேற்றில் வழுக்காத அகலப் பாதமாகப் போட்டாள். கோலம் போட்டுப் பழகிய கைகள் உட்கார்ந்து வரைந்தால் எவ்வளவு எட்டுமோ, நின்று வரைந்தால் எவ்வளவு எட்டுமோ, அவ்வளவுக்குள்தான் ஆள் வந்தாள். பாய் முடிச்சை இறக்கி இறக்கிக் கட்டினார். இடுப்பு இடுப்பாயிற்று. வயிறு ஒன்று வந்தது. பட்டின் தையல்கள் அங்கங்கே பட்பட்டென்று விட்டன. "விடட்டும், விடட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார் பாய்.

முகத்துக்கு வந்தபோது மதலேன் கை நின்றது. யாரோ ஒருத்தி தைரியமாக ஒரு புருவத்தைப் போட்டாள். அது நெற்றியைவிட்டு ஏறிப் போயிற்று.

அதுவரை தூணோடு தூணாக நின்ற பெர்னதெத்தம்மாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அட, நகருங்கடி!" என்று முன்னால் வந்தாள். தன் கண்ணிலிருந்த மையை விரலில் வழித்துக்கொண்டாள். "கோணப் புருவத்தோட ஒருத்தி எங்க வீட்டுக் கல்யாணத்துல நிக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது: கவுன் இல்லாமலே கல்யாணம். இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வந்து, மதலேனைக் கீழே போட்டுவிடப் பார்த்தான். கிழவி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு புருவங்களையும், அவற்றின்கீழ் இரண்டு கண்களையும், வெட்கப்பட்டுக்கொண்டு, மிக அழகாக வரைந்து முடித்தாள். ஒருத்தி மூக்கை வைத்தாள், கொஞ்சம் சப்பையாக. இன்னொருத்தி காதும் காதில் தோடும். மதலேன் குங்குமத்தை மழைநீரில் குழைத்து, ஓர் இழுப்பாக இல்லாமல் இரண்டு உதடாக, நடுவில் திறக்கிற மாதிரி, வாயை எழுதினாள்.

பாய் முடிச்சை அவிழ்த்தார். கயிறு விடுபட்டு ஆடியது. உபதேசியார் அதைத் தொடவில்லை.

ஊரே வரைந்த அந்தப் பெண் தன் சொந்த அகலப் பாதத்தில், கிழிந்த பட்டுக்குள், நனைந்த படியில் நின்றாள். கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, மதலேனிடம் வந்ததும் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"பொண்ணு தெப்பமா நனைஞ்சு நிக்கிறா. யாருக்காவது தோணுதா? மொதல்ல ஒரு துண்டு குடுங்கடி, தலை தொவட்டணும்!"

மண்டபம் முழுக்க முந்தானைகள் நீண்டன. முதலில் எட்டியது பெர்னதெத்தம்மாளுடையது.